கவுண்ட் நார்மல், ஆனா ரத்தம் நிக்கல

டெங்கு புண்ணியத்துல பிளேட்லெட்னா என்னன்னு இப்ப ஊருக்கே தெரியும். மணப்பட்டுல இருந்து வர்ற ஆயாகூட "கவுண்ட் எவ்ளோ சார்?"னுதான் முதல்ல கேக்குறாங்க. ஆனா கவுண்ட் சரியா இருந்தும் ரத்தம் நிக்காத ஒரு பரம்பரை நோய் இருக்கு. அதோட வரலாறுதான் இந்தத் திரெட். நம்ம பக்கத்துக்கும் அதுல பெரிய பங்கு உண்டு.

1918. சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மூக்கில், ஈறில் ரத்தம் வரும்; லேசா இடிச்சாலே கன்னிப்போகும். தட்டணு எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் சோதனைக் குழாயில் உறைந்த ரத்தம், வழக்கம்போல் சுருங்கி இறுகவில்லை. தட்டணு இருக்கு, அதுக்குத் தெம்பு இல்லைன்னு முடிவு செய்து 'த்ராம்பாஸ்தீனியா' என்று பெயர் வைத்தார்.

அந்தத் தெம்பு எதுன்னு தெரிய 50 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1974ல் பாரிஸில் நர்டன், கான் இருவரும் மூன்று நோயாளிகளின் தட்டணுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றின் மேல்சவ்வில் இருக்க வேண்டிய புரதத்தில் குறை தெரிந்தது. இன்று அதை இன்டெக்ரின் ஆல்ஃபா-2பி பீட்டா-3 என்கிறோம். ஒட்டுவதற்கென்றே உள்ள ஏற்பி இது. ஒரு தட்டணு மேல 80,000 வரை இருக்கும். ரத்தத்தில் ஓடும் ஃபைப்ரினோஜனை ரெண்டு தட்டணு ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும். அப்படித்தான் காயம் அடைபடுது.

இந்தப் புரதம் ஒரு ஜோடி. ரெண்டு ஜீன், ரெண்டுமே 17வது குரோமோசோமில். செல்லுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால்தான் மேலே வரும். ஒன்று கெட்டால் மற்றதும் வராது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1981ல் வேலூர் சிஎம்சியின் கந்தூரியும் சக மருத்துவர்களும் தென்னிந்தியாவில் இருந்து மட்டும 42 கிளான்ஸ்மான் நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே அரிதான நோய்க்கு இது ரொம்பப் பெரிய எண்ணிக்கை. இராக்கிய யூதர்கள், பிரான்சின் மனூஷ் நாடோடிகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் மக்களிடமும் இதை அதிகம் பார்த்தார்கள். நம்மகிட்ட தாய்மாமன் முறை, அத்தை மகன் முறை.

அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பழுதான பிரதி வச்சிருப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. ரெண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் நோய். நாலில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்துக்கும். "மருமக கொண்டுவந்த தோஷம்"னு பேசுற மாமியார்களுக்கு: பாதி உங்க பிள்ளையோடது.

கதை இதோட நிக்கல. ஒட்டாத தட்டணு இவங்களுக்குச் சாபம், மாரடைப்பு வந்தவருக்கு? அங்கே தட்டணு ஒட்டுறதுதானே பிரச்சனை! அமெரிக்காவில் பேரி காலர், இந்த ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடியை எலியில் உருவாக்கினார். தற்காலிகமா ஒரு கிளான்ஸ்மான் நிலை. 1994ல் அது அப்சிக்சிமாப் என்ற மருந்தாக அனுமதி பெற்றது. 1998ல் டைரோஃபிபான் வந்தது. இதுக்கு முன்மாதிரி சுருட்டை விரியனின் விஷத்தில் உள்ள ஒரு புரதம். ஆமா, நம்ம கொல்லையில கிடக்குற அதே சுருட்டைதான்.

நோயாளிகளுக்கு என்ன கிடைச்சுது? ட்ரானெக்சாமிக் அமிலம், அவசரத்துக்குத் தட்டணு ஏற்றுதல். அதிலும் ஒரு சிக்கல்: அவங்க உடம்பு பிறந்ததிலிருந்து பார்க்காத புரதம், ஏற்றுற தட்டணு மேல இருக்கு. அதை அந்நியம்னு நினைச்சு உடம்பு எதிர்ப்புப் பொருள் செய்யலாம்; அடுத்த தடவை ஏத்துனா பலிக்காது. மாற்றாக இருக்கும் காரணி 7ஏ ஊசி, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத விலை.

ரொம்பப் பயப்பட வேண்டியது பெண் பிள்ளைகளுக்கு. வயசுக்கு வந்த முதல் உதிரப்போக்கே உயிருக்கு ஆபத்தாகலாம். சின்னதில் இருந்தே மூக்கில் ரத்தம், பல் விழுந்தா நிக்காத ரத்தம், சொந்தத்தில் கல்யாணம், கவுண்ட் நார்மல்: இவ்வளவும் சேர்ந்து இருந்தா, "தட்டணு வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணலாமா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீங்க.