பூங்காவும் ஒரு உழவாரப் பணிதான்: நம்ம ஆற்றுமுகத்துக் காட்டின் வரலாறு



"கோயில்ல அவ்வளவு வேலை இருக்கு, நீங்க எதுக்குப் பூங்காவுக்குப் போய் குப்பை பொறுக்குறீங்க?" என்று நம் தொண்டர் அணியைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள். கோபத்தோடு கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். பெனம்பாங் என்றால் மலாய் மொழியில் ஆளேற்றிச் செல்லும் படகு. ஆற்றைக் கடந்த கதை நம்ம ஊர்ப் பேரிலேயே இருக்கு. பாசிர் பெனம்பாங்கிலிருந்து சிலாங்கூர் ஆற்றைத் தாண்டினால் புக்கிட் மெலாவாத்தி. அங்கிருந்த கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் மலைமேல் நிற்கிறது. குரங்குக்குக் கச்சான் போட நாம் எல்லாரும் அங்கே போயிருப்போம். ஆனால் அதே மலை அடிவாரத்தில் இருக்கும் தாமான் ஆலாம், அதாவது கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அந்த நிலம் ஒரு காலத்தில் முழுக்கக் கடல்தண்ணி ஏறி இறங்கிய அலையாத்திக் காடு. விவசாய நிலத்துக்கு உப்புத்தண்ணி வராமல் இருக்க நடுவிலே மண்கரை போட்டார்கள். கரைக்கு உள்ளே இருந்த பகுதிக்குக் கடல் வரத்து நின்றுபோனது. அங்கே வேறு வகை மரங்கள் முளைத்தன. வெளிப்பக்கம் மட்டும் சேறும் கண்டல் மரமுமாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கொசுக்காடு. அந்த மாதிரி நிலத்தை யாரும் பூங்கா என்று சொல்ல மாட்டார்கள்.

சொன்னவர்கள் மலேசிய இயற்கைக் கழகத்தார். 1940இல் தொடங்கிய சங்கம் அது. சந்தா கட்டிச் சேரும் சாதாரண மக்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. 1985-86இல் எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு ஆய்வுப் பயணம் நடத்தி நாடே அந்தக் காட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் அவர்கள்தான். அடுத்த வருஷம், 1987இல், சிலாங்கூர் மாநில அரசோடு சேர்ந்து நம்ம ஆற்றுமுகத்தில் இந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். நீர்ப்பறவைகளுக்காக ஏரி வெட்டினார்கள், பறவை பார்க்கக் கோபுரம் கட்டினார்கள், சேற்றுக்கு மேலே பலகைப் பாதை போட்டார்கள். சைபீரியா பக்கத்துக் குளிருக்குத் தப்பி வருஷா வருஷம் செப்டம்பர் வாக்கில் வரும் பறவைகள் இங்கே இறங்கி இரை தேடுகின்றன. நெகாரா மிருகக்காட்சி சாலையில் வளர்த்த அரிய வெண்ணாரைகளையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மெஷின் வாங்குவது ஒரு நாள் வேலை, அதைப் பராமரிப்பது தினசரி வேலை. பூங்காவும் அப்படித்தான். உப்புக்காற்றில் பலகை இற்றுப்போகும், ஆணி துருப்பிடிக்கும், அலையோடு குப்பை வந்து வேரில் சிக்கும். பள்ளிப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் கம்பெனி ஊழியர்களும் பஸ் பிடித்து வந்து முழங்கால் சேற்றில் நின்று கன்று நடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த வேலையின் மதிப்பு எல்லாருக்கும் புரிந்தது. மலேசியாவில் 68 உயிர் போனது. அடுத்த வருஷமே அரசாங்கம் நாடு முழுக்கக் கடலோரத்தில் கண்டல் மரம் நடும் திட்டத்தைத் தொடங்கியது.

இதில் நமக்கு என்ன சம்பந்தம்?

நம் தாத்தா பாட்டிமார் வந்து இறங்கியது தோட்டத்தில். இதே கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார்கள். அப்படி ஒவ்வொரு தோட்டத்திலும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, பந்து விளையாடும் திடல், உட்கார்ந்து பேச ஒரு பெரிய மரம் இருக்கும். கூட்டியது, பெருக்கியது, விளக்கேற்றியது எல்லாம் நம்ம ஆட்கள். ஆனால் நிலம் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டம் விற்றுப்போனபோது பல இடங்களில் லயத்தோடு திடலும் போச்சு, மரமும் போச்சு. கோயிலைக் காப்பாற்றவே பெரும்பாடு. இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கைத்தொலைபேசிதான் திடல்.

ஆக, பொது இடம் போனால் திரும்பக் கிடைக்காது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பூங்கா நிலமும் யார் பெயரிலும் இல்லை, அரசு நிலம்தான். ஆனால் 1987இலிருந்து ஆட்கள் விடாமல் வந்து வேலை செய்ததால் அது நிற்கிறது. ஆள் வராத இடத்தைத்தான் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லி எடுப்பார்கள்.

இன்னொன்று. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார்.  அவரைச் சிலையில் பார்த்தாலும் தோளில் அந்தப் படைதான் அடையாளம். நாம் மாதாமாதம் செய்யும் உழவாரப் பணிக்கு அவர்தான் குரு.

சிதம்பரத்துத் தல விருட்சம் தில்லை மரம். அதனால்தான் அந்த ஊருக்கே தில்லை என்று பெயர். அது சாதாரண மரம் இல்லைங்க, அலையாத்திக் காட்டு மரம். இன்று சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் சதுப்பில் அது நிறைய இருக்கிறது. அதே மரம் நம்ம மலேசியக் கடலோரக் கண்டல் காட்டிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் பூத்தா-பூத்தா என்பார்கள். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, அதனால் இலையை ஒடிக்கக் கூடாது. நடராஜப் பெருமான் ஆடிய வனம் எந்த மாதிரிக் காடு என்று பிள்ளைகளுக்குக் காட்ட தமிழ்நாட்டுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பாலம் தாண்டிப் போய்க் கண்டல் காட்டைக் காட்டினால் போதும்.

அன்பர்களிடம் இரண்டே வேண்டுகோள்.

ஒன்று, ஆற்றில் விடுவது பூவும் களிமண்ணுமாக மட்டும் இருக்கட்டும். பிளாஸ்டிக் பை, சாமி படத்துச் சட்டம், கண்ணாடி, துணி எதுவும் கரையாது. கருமக் கிரியைக்கு வரும் குடும்பங்களுக்குப் பூசாரியும் தொண்டர்களும் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களை அதட்டக் கூடாது. ஒரு சாக்கு கொடுத்து, மிச்சத்தை அதில் போடச் சொன்னால் போதும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பூசை முடிந்து எங்களோடு வாருங்கள். பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தண்ணி வற்றும் நேரம் பார்த்துப் போவோம். பழைய காலுறை, கையுறை, தண்ணீர்ப் போத்தல், கொசு மருந்து கொண்டுவந்தால் போதும். இளைஞர்கள் சேற்றில் இறங்கட்டும். வயதானவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து, அந்தக் காலத்துத் தோட்டத்தில் எந்தக் கோயில் எங்கே இருந்தது, எந்த மரத்தடியில் திருவிழா நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். எழுதி வைக்க நாங்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவருகிறோம்.

மதியம் கோயிலில் அன்னதானம் இருக்கிறது. காலைக் கழுவிவிட்டு அப்படியே வந்துவிடலாம்.

சிவாய நம.