தீயை விட ஹார்ட் அட்டாக் ஆபத்தா? தீயணைப்பு வீரர்களுக்கு ஃபிட்னஸ் திட்டம் ஏன் தேவை?

2024 டிசம்பர் 12, இரவு. திண்டுக்கல் - திருச்சி சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. கீழ்த்தளத்தில் பிடித்த தீயை விட, மாடிகளுக்கு ஏறிய புகைதான் ஆளைக் கொன்றது. லிஃப்ட்டில் சிக்கியவர்கள் மயங்கிக் கிடந்தனர். ஒரு குழந்தை உட்பட 6 பேர் உயிரிழந்தனர். நடக்க முடியாத நோயாளிகளைப் புகைக்குள்ளிருந்து கீழே இறக்க வேண்டியிருந்தது.

இப்படி ஒரு இடத்தில் படியேறிப் போகிறவருக்கு உடம்பு எந்த நிலையில் இருக்க வேண்டும்? திடகாத்திரமான ஆளா இருந்தா போதாதா? போதாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

சிலிண்டரில் எத்தனை நிமிஷம் இருக்கு?

புகைக்குள் போகும் வீரர் முதுகில் 'பி.ஏ. செட்' எனப்படும் சுவாசக் கருவியை மாட்டிக்கொள்வார். எடை 10 கிலோவுக்கு மேல். அதில் பரவலாகப் பயன்படும் 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 2,000 லிட்டர் காற்று கிடைக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 50 நிமிடம் வரும். அதே ஆள் மூச்சு வாங்க மாடியேறி 80 லிட்டர் இழுத்தால்? 25 நிமிடம்தான். அதிலும் திரும்பி வர ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒரே வேலையைச் செய்யும்போது பயிற்சி உள்ள உடம்பு குறைவாக மூச்சு வாங்கும். ஆக, ஃபிட்னஸ் என்பது இங்கே உள்ளே இருக்கக் கிடைக்கும் நிமிடங்களின் கணக்கு. கூடுதலாக ஐந்து நிமிஷம் கிடைத்தால் இன்னொரு வார்டைத் தேடிப் பார்க்கலாம்.

உண்மையான எதிரி இதயம்

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. அந்த இறப்புகளில் 45 சதவீதத்துக்குக் காரணம் தீக்காயமோ கட்டட இடிபாடோ இல்லை, இதய நோய். இன்னொரு கணக்கும் அதில் உண்டு. தீயை நேரடியாக அணைக்கும் வேலை, மொத்தப் பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் இதய நோய் இறப்புகளில் 32 சதவீதம் அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்திருக்கிறது.

தூங்கிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கிறது. நாடித்துடிப்பு எகிறுகிறது. உடனே ஓட்டம், கனமான உடை, சூடு, வியர்வையில் நீரிழப்பு, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. எல்லாம் ஒரே நேரத்தில் இதயத்தின் மேல் விழுகிறது. ஏற்கெனவே ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், அதுவரை தெரியாதது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களை விட இளம் வயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 14 சதவீதம். யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு மட்டும் அது விதிவிலக்கு தராது.

திண்டுக்கல்லில் வேலை வேற மாதிரி

வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள். பஞ்சில் பிடித்த தீ வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பொதி பொதியாகப் பிரித்து இழுத்து நனைக்க மணிக்கணக்காகும். கோடையில் வைக்கோல் படப்பு, சிறுமலை அடிவாரத்தில் காய்ந்த புல்.

அப்புறம் கிணறுகள். வானம் பார்த்த பூமி என்பதால் ஆழமான திறந்தவெளிக் கிணறுகள் இங்கே அதிகம், பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மாடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் ஃபோன் போவது தீயணைப்பு நிலையத்துக்குத்தான். கயிற்றில் இறங்கி, துள்ளும் மாட்டுக்கு வயிற்றில் பெல்ட் கட்டி, மேலே நிற்பவர்கள் இழுக்க வேண்டும். இதில் அடி வாங்குவது முதுகும் தோளும்தான். சுளுக்கு, தசைப்பிடிப்பு வகைக் காயங்கள்தான் உலகம் முழுக்கவே இந்தத் தொழிலில் அதிகம். வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்கு ஃபிட்னஸ் திட்டங்களில் முக்கிய இடம் கொடுப்பது இதனால்தான். கண்ணாடி முன் நின்று பைசெப்ஸ் ஏத்துவது கிணற்று மேட்டில் பெரிசா உதவாது.

வேலைக்குச் சேரும்போதே டெஸ்ட் இருக்கே?

இருக்கிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் பொதுவாக 170 செ.மீ. உயரம், 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடுவது, கயிறு ஏறுவது எல்லாம் உண்டு. ஆனால் இருபது சொச்சம் வயதில் பாஸ் செய்தவர் ஓய்வு பெறுவது 60 வயதில். அன்றைக்கு ஓடிய ஓட்டம் 45 வயது இதயத்துக்குச் சான்றிதழ் ஆகாது. நிலையத்தில் நடக்கும் கவாத்தும் ஹோஸ், ஏணிப் பயிற்சியும் கைப்பழக்கத்தைக் காக்கும். பிபி எவ்வளவு என்று அவை சொல்லாது.

சரி, நல்ல திட்டத்தில் என்ன இருக்கும்?

வருஷத்துக்கு ஒரு முறை பிபி, சுகர், கொலஸ்ட்ரால், ஈசிஜி, நுரையீரல் மற்றும் காது பரிசோதனை. பணி நேரத்திலேயே உடற்பயிற்சி. வீட்டுக்குப் போய் செஞ்சுக்கோங்க என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். வெயிலுக்கு உடம்பைப் பழக்க ஒன்று முதல் இரண்டு வாரம். ராத்திரி டியூட்டியில் பரோட்டா, பிரியாணிக்கு ஒரு மாற்று. திண்டுக்கல்லில் இதுதான் கஷ்டமான பகுதி என்று சிரிக்கலாம்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. 2022-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. தீயணைத்து வந்ததும் குளிப்பது, கரி படிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் திட்டத்தில் சேர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது நம்பிக்கை. 1997-ல் அமெரிக்காவில் தொழிற்சங்கமும் அதிகாரிகள் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய திட்டத்தின் அடிப்படையே, ரிசல்ட்டை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்பதுதான். பிபி இருக்குன்னு சொன்னா புரமோஷன் போயிடும் என்ற பயம் வந்துவிட்டால், மாத்திரையை மறைத்துத்தான் சாப்பிடுவார்கள்.

ஃபிட்னஸ் எல்லாவற்றுக்கும் மருந்தும் இல்லை. 2020 தீபாவளி நேரத்தில் மதுரையில் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதை எந்தப் புஷ்-அப்பும் தடுத்திருக்காது.

40 புஷ்-அப் எடுத்தா ஹார்ட் அட்டாக் வராதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவலுக்குப் பின்னால் உண்மையில் ஒரு ஆய்வு இருக்கிறது. 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களை 10 ஆண்டுகள் கவனித்து 2019-ல் வெளியானது. 40-க்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10 கூட எடுக்க முடியாதவர்களை விட இதய பாதிப்பு 96 சதவீதம் குறைவு. புஷ்-அப்பே இதயத்தைக் காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களால் அதிகம் எடுக்க முடிகிறது, அவ்வளவுதான்.

பெரிய செலவில்லாத சோதனையும் உண்டு. பிரிட்டன் தீயணைப்புத் துறைகளில் பயன்படும் செஸ்டர் ஸ்டெப் டெஸ்ட்டுக்கு வேண்டியது 30 செ.மீ. உயரப் படி, தாளம் எழுப்பும் ஒலிப்பதிவு, நாடித்துடிப்பு அளக்கும் கருவி. நிமிடத்துக்கு 15 முறை ஏறி இறங்குவதில் தொடங்கி, 2 நிமிடத்துக்கு ஒரு தரம் வேகம் கூடும். துடிப்பு வரம்பைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அதிகபட்சம் 10 நிமிடம். படி, எந்த நிலையத்து வாசலிலும் இருக்கிறது.