நால்வர் குழுவின் ஐந்தாம் குரல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயங்களில் வளர்ந்த பாடற்குழுக்களைக் 'குவார்ட்டெட்' என்பர். நால்வர் குழு என்பது அதன் பொருள். ஆனால் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றி, 1930-களில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் பாடியவர்கள் ஐவர். பெயர் மட்டும் மாறவில்லை.

பழைய குழுக்களில் பக்க இசை அரிது. நான்கு குரல்களும் அளந்து வைத்தாற்போல் இணைந்தொலிக்கும். அவர்களுள் ஒருவர் உணர்ச்சிப் பெருக்கில் மெட்டை விட்டு விலகினால், இசைவு ஒரு தூணை இழந்துவிடும். 1937-இல் சேர்ந்த ஆர்.எச். ஹாரிஸ் இதற்கு வழிகண்டார். முன்குரல் இருவருக்கு உரியதாயிற்று. ஒருவர் மன்றாடி ஓய்கையில் மற்றவர் ஏற்றுத் தொடர்வார். நால்வரின் இசைவு குலையாது தாங்கி நிற்கும். நம் மன்றாட்டுமாலையில் முன்மொழிபவர் இருவர் இருந்து, ஒருவர் மற்றவரை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போனால் எப்படியிருக்கும்! பிற்காலத்து 'சோல்' இசைக் குழுக்கள் மேடையில் கையாண்ட முறைக்கு முன்னோடி இதுவே.

ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த வாழ்வின் ஒழுக்கக் குறைகளை வெறுத்து, 1950-இல் ஹாரிஸ் விலகினார். அவ்விடத்துக்கு வந்த சாம் குக், ஒரு போதகரின் மகன். வயது இருபதுகூட நிறையவில்லை. தொடக்கத்தில் ஹாரிசைப் போலவே பாட முயன்று இடர்ப்பட்டார். பிறகு உரக்க முழங்குவதை விடுத்து, ஒரே அசையை நெளிய விட்டு இழைக்கும் தம் வழியைக் கண்டார். ஆண்டவரின் ஆடையைத் தொட்ட நோயுற்ற பெண்ணைப் பற்றி 1956-இல் அவர் பாடிய பாடல், நற்செய்திக் கதையொன்றை மறையுரையாளர் விரித்துரைப்பது போன்றது. மறையுரைக்கு ஆயத்தம் செய்யும் எவரும் அதைக் கேட்கலாம்.

அவ்வாண்டின் இறுதியிலேயே, இறைவனைப் போற்றிய பாடலொன்றைக் காதற்பாடலாக மாற்றி, வேறு பெயரில் மறைந்து பதிவு செய்தார். பெயரை மறைக்கலாம், குரலை மறைக்க இயலுமா? இரசிகர்கள் கண்டுகொண்டனர். 1957-இல் குழுவை விட்டார். அவ்வாண்டே அவரது காதற்பாடல் நாட்டின் முதலிடத்தை எட்டியது. துரோகம் என்றனர் பலர்.

அத்தீர்ப்பை ஏற்க எனக்கு மனமில்லை. பின்னர்த் தாம் நண்பருடன் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தில் முதலில் சோல் ஸ்டிரர்ஸ் குழுவையே பாடவைத்தார். 1963-இல், கறுப்பினத்தவர் என்பதால் விடுதியொன்றில் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. மாற்றம் வரும் என்று அவர் எழுதி, 1964 சனவரியில் பதிவுசெய்த பாடல் காதற்பாடலன்று. அதே டிசம்பரில், 33-ஆம் வயதில், சுடப்பட்டு இறந்தார். அப்பாடல் தனித் தட்டாக வெளிவந்தது அதன் பின்னரே.