கொதிக்காமல் சுற்றும் தண்ணீர்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே, மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதும், அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டதும் பலர் எழுதிவிட்ட கதைகள். வழிநெடுக அவர்கள் தண்ணீருக்கு அலைந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கார்ல் பென்ஸின் அந்த மூன்று சக்கர வண்டியில் இன்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். போனதை மறுபடி மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். மோட்டார் வண்டிக்குள் தண்ணீரின் பயணம் இப்படி ஒருவழிப் பயணமாகத்தான் தொடங்கியது.

தண்ணீர் இல்லாமல் ஏன் ஆகாது? பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இயக்க வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறும். மிச்சம் உலோகத்துக்குள் இறங்கும். சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். இறங்கிய வெப்பத்தை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போக ஒன்று வேண்டும்.

போகிற தண்ணீரைத் திரும்பி வரவைத்தவர்களில் வில்ஹெல்ம் மேபாக்குக்குத் தனி இடம் உண்டு. 1901-ல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. குழாய்களுக்குள் காற்று, வெளியே தண்ணீர். பின்னால் இன்ஜினே சுழற்றும் ஒரு ஃபேன். ஒன்பது லிட்டர் தண்ணீரே போதுமென்றாயிற்று. காரின் முகம் என்று நாம் இன்று அடையாளம் காணும் முன்பக்கம் அங்கிருந்து பிறந்தது.

இன்றைய தண்ணீரின் சுற்று இது: வாட்டர் பம்ப் தள்ள, இன்ஜின் பிளாக்குக்குள் நுழைந்து சிலிண்டர்களைச் சுற்றி, மேலே சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறுகிறது. புகை வெளியேறும் வால்வுகளின் ஓரம்தான் வழியிலேயே மிகச் சூடான இடம். அதைக் கடந்தால் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கதவு. உள்ளே மெழுகு அடைத்த ஒரு குப்பி. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியே இருக்கும்; தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிச் சூடேறும். பெரும்பாலான கார்களில் 80 டிகிரியைத் தாண்டியபின் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் தள்ளித் திறக்கிறது. அப்புறம்தான் ரேடியேட்டர், காற்று, மறுபடி பம்ப்.

இந்தக் கதவைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் பலர் கழற்றி எறிகிறார்கள். 'அது குளிர்நாட்டுச் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?' என்பார்கள். இது பெரிய தவறு. இன்ஜின் கேட்பது குளிர்ச்சியை அல்ல, மாறாத சூட்டை. வேண்டிய சூட்டை எட்டாத இன்ஜினில் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும். 'இன்ஜின் இன்னும் சூடாகவில்லை' என்று கணினி கூடுதல் பெட்ரோல் விடும். மைலேஜ் குறைவதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் பம்பில் கலப்படம் என்று திட்டுவோம்.

சூடு ஏறுவதற்கான காரணங்களோ சாலையிலேயே இருக்கின்றன. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று சும்மா கிடைக்கிறது. நெரிசலில் ஃபேன் மட்டுமே கதி. அதற்கும் முன்னால் ஏசியின் கண்டன்சர் நின்று, சூடான காற்றை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது எல்லாம் ஒன்றுசேர்கின்றன: முதல் கியர், இரண்டாம் கியர், முழுப் பாரம், குறைந்த வேகம். போதாதற்கு, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை நூறுக்கு மேலே ஏற்றி வைக்கிறது. சமவெளியில் அது 120 டிகிரி வரை போகும். நைந்த ரப்பர் வளையத்தோடு மூடி இருந்தால் இந்தப் பாதுகாப்பு போச்சு.

மெதுவாகக் கொல்வது போர் தண்ணீர். அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து வழியை அடைக்கிறது. படிந்த இடத்தில் வெப்பம் வெளியேற மறுக்கிறது. தண்ணீரோடு கலக்கும் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கொதிநிலையை உயர்த்தும்; உடன் கலந்துள்ள மருந்துகள் துருவைத் தடுக்கும். பனியே விழாத ஊருக்கும் கூலன்ட் தேவைப்படுவது இதனால்தான்.

மலையேறும்போது சூடு காட்டும் முள் மேலே போனால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். தகிக்கும் இன்ஜின்மேல் பச்சைத்தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் விரிசல் விடலாம். சூடு ஆறுமுன் மூடியைத் தொடவே தொடாதீர்கள்: அழுத்தம் விட்டுப்போன அந்த நொடியில் தண்ணீர் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அடுத்த சர்வீஸில், வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள்.