கண்ணின் சாட்சியமும் காலமும்

பிறை கண்டதாகச் சாட்சி கூற வருபவரிடம், எத்திசையில் கண்டீர், எந்நேரத்தில் கண்டீர் என்று வினவுவது நம் மரபு. கண்ணின் சாட்சியத்தையும் விசாரித்தே ஏற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். அவ்விசாரணையை அறிவியலாகவே வளர்த்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (கி.பி. 965 – ஏறத்தாழ 1040).

தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் பம்பரத்தைச் சான்றாகக் காட்டுகிறார். பல வண்ணங்கள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலுகையில், அவையெல்லாம் கலந்த ஒரே நிறம் தோன்றுகிறது. ஒவ்வொரு வண்ணமும் ஓரிடத்தில் தங்கும் நேரம், கண் அதைப் பிரித்தறியப் போதுவதில்லை. எனவே, நிறத்தை உணர்தல் காலத்தினுள் நிகழ்வது என்பது அவர் முடிபு.

கண்ணின் இதே இயல்பு, பழனி மலைத்தொடரில் 1899இல் தோன்றிய கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் கருவியாகவே பயன்பட்டது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்த இடம் அது. 1930களில் அங்கே, அமெரிக்க அறிஞர் ஹேல் வடிவமைத்த ஸ்பெக்ட்ரோஹீலியோஸ்கோப் வந்து சேர்ந்தது. அதன் மெல்லிய பிளவு, சூரிய பிம்பத்தின் ஒரு கீற்றை மட்டுமே ஒரு கணத்தில் காட்டும். பிளவு விரைந்து அசைவதால், அடுத்தடுத்து வரும் கீற்றுகளைக் கண் ஒரே காட்சியாக இணைத்துக்கொள்கிறது. திடீரென எழுந்து அடங்கும் சூரிய வெடிப்புகளை, ஒளிப்படத் தகடுக்குக் காத்திராமல் நேரே கண்காணிக்க இது உதவிற்று. கண்ணின் தாமதம் குறையாகாமல் துணையாயிற்று.

அத்தாமதத்தின் கணக்கு என்ன? ஏறத்தாழ பத்திலொரு வினாடிக்குக் குறைந்த மினுக்குகளில், ஒளியை இரட்டித்து நேரத்தைப் பாதியாக்கினாலும் கண்ணுக்கு விளைவு ஒன்றே என்று 1885இல் பிளாக் காட்டினார். இருளில் நெடுநேரம் பழகிய கண்ணுக்கு, ஆயிரத்திலொரு வினாடி மினுக்கிலிருந்து 5 முதல் 14 ஒளித்துகள்கள் விழித்திரையில் ஏற்கப்பட்டாலே போதும் என்று 1942இல் ஹெக்ட் குழுவினர் மதிப்பிட்டனர்.

இப்னுல் ஹைஸம் இவற்றை அளக்கவில்லை, அளந்தவர்கள் பிற்காலத்தவர். இதை மறைத்து எல்லாவற்றையும் அவர்மீது ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. முன்னோர் நூலாயினும் ஐயுற்று ஆராய்க என்பதே அவர் கொண்ட நெறி. அவர் பெயரால் பெருமிதம் கொள்ளும் நாம், அந்நெறியைக் கைக்கொண்டோமா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.