நல்லாற்றங்கரையில் ஒரு குளம்

திருப்பூர் என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனியன், ஜட்டி. அதற்கு அடுத்து சாயத்தண்ணி. வெளியூர் நண்பர்களிடம் "எங்க ஊர்ப் பக்கத்துல பறவைகள் சரணாலயம் இருக்கு" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 2024 ஆகஸ்ட் 14 அன்று மத்திய அரசு மூன்று புதிய ராம்சர் தலங்களை அறிவித்தது. ஒன்று விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி, இன்னொன்று மத்தியப் பிரதேசத்தின் தாவா நீர்த்தேக்கம், மூன்றாவது எங்கள் ஊத்துக்குளி வட்டத்து நஞ்சராயன் குளம். (ராம்சர் என்பது ஆள் பெயர் இல்லை. ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ஒரு சின்ன ஊர். நீர்நிலைகளைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம் 1971ல் அங்கேதான் உருவானது.)

எங்கள் வீட்டில் இந்தக் குளத்தை யாரும் நஞ்சராயன் குளம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அப்புச்சிக்கு அது கூலிபாளையத்துக் குளம். பேப்பரில் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆர்வம் வந்து கொஞ்சம் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட, குளத்தை மட்டும் தனியாக எழுத முடியாது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் நல்லாற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று புரிந்தது.

நல்லாறு பெரிய ஆறெல்லாம் இல்லை. மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் காய்ந்து கிடக்கும். நொய்யலில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு. நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்தப் பெரிய கணக்கில் நல்லாறு ஒரு சின்ன வரி. ஆனால் அதை ஒட்டி வரிசையாக மூன்று சிவன் கோயில்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று கதை.

முதலில் அவிநாசி. இரண்டு பிள்ளைகள் குளத்தில் குளிக்கப் போக, ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில வருடம் கழித்து சுந்தரர் அந்தத் தெரு வழியாக வருகிறார். பிழைத்த பையனின் வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை. விஷயத்தைக் கேட்டு சுந்தரர் பதிகம் பாட, முதலை அந்தப் பையனை, அதுவும் இத்தனை வருட வளர்ச்சியோடு, கரையில் கொண்டுவந்து விட்டது என்பது கதை. அடுத்து திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்களே வேடர் வேஷத்தில் வந்து கொள்ளையடிக்கின்றன. சுந்தரர் கோயிலில் போய்த் திட்டிப் பாடுகிறார் (கடவுளிடமே "நீ எதுக்கு இங்க இருக்கே" என்கிற தொனியில்!). பொருள் திரும்பி வருகிறது. இன்றைக்கு பூண்டி கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். ரோட்டோரம் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அண்ணன் வாலியின் சாவுக்குக் காரணமான பாவம் போக சுக்ரீவன் பூஜித்த இடம் என்பார்கள், பழைய பெயர் குரக்குத்தளி. இங்கே சிவனுக்கு எதிரே இரண்டு நந்திகள். ஒரு மாடு தினமும் காட்டில் இறங்கி வெள்ளாமையை மேய, கோபம் வந்த விவசாயி அதன் காதையும் கொம்பையும் வெட்டிவிடுகிறார். மறுநாள் கோயிலுக்கு வந்தால் நந்தியின் காதும் கொம்பும் அறுபட்டிருக்கிறது. பயந்துபோய், பழசை எடுத்துவிட்டு புது நந்தி செய்து வைக்கிறார். அடுத்த நாள் பார்த்தால் பழைய நந்தி தன் இடத்துக்கே வந்துவிட்டது, புதுசு பின்னால் போய்விட்டது. அதனால்தான் இரண்டு.

இந்தக் கோயிலின் வயதை இணையத்தில் இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். 2,500 வருஷம் என்றுகூடப் படித்தேன். நமக்குக் கையில் கிடைப்பது இவ்வளவுதான்: பொதுவாக 8ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் சுந்தரர், கொங்கு நாட்டுக் குரக்குத்தளியைத் தன் பாட்டில் குறிப்பிடுகிறார். ஆக அவர் காலத்தில் இங்கே ஒரு தளி இருந்தது. அது இப்போது நாம் பார்க்கும் கற்கட்டடம்தான் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

கதைகள் நடந்ததா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. விழுங்கப்பட்ட பிள்ளை, பறிபோன பொன், நகர்த்தப்பட்ட நந்தி. எல்லாமே போனது திரும்பி வந்த கதைகள். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத ஒரு ஆற்றின் கரையில் இருந்தவர்களுக்கு இப்படிக் கதை சொல்லத் தோன்றியது ஆச்சரியமில்லை என்று நினைக்கிறேன்.

சரி, குளத்துக்கு வருவோம்.

பரப்பு 125.865 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 311 ஏக்கர். பெயரில் "நஞ்சு" இருப்பதைப் பார்த்து சாயக்கழிவு கலந்ததால் வந்த பெயரோ என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். இல்லை. நஞ்சுண்டவன், அதாவது விஷம் குடித்த சிவன், அந்த வழியில் வரும் பெயர். மைசூர்ப் பக்கம் நஞ்சராஜன், நஞ்சுண்டன் எல்லாம் சாதாரணம். கொங்கு நாடும் 1799ல் திப்பு சுல்தான் இறந்து கம்பெனி கைக்குப் போகும் வரை மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. அரசுக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்தது: பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசன் இந்தக் குளத்தைச் சீரமைத்ததால் இந்தப் பெயர். கவனியுங்கள், வெட்டியதால் இல்லை, சீரமைத்ததால். முதலில் வெட்டியவர் பெயர் குளத்துக்கு இல்லை, ரிப்பேர் பார்த்தவர் பெயர்தான் நிற்கிறது!

குளம் என்பது ஒரு தடவை வெட்டிவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை. தண்ணீரோடு வண்டல் வரும், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகும். கரை கரையும், மதகு அடைக்கும், கலிங்கு உடையும். கோடையில் தூர் வாரி, அந்த வண்டலைக் காட்டுக்கு உரமாக அடிக்க வேண்டும். இதற்குத்தான் குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது, பாசனம் பெறுகிற குடிகளே ஆள் அனுப்பிச் செய்வது. இதைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று உருகுவது வழக்கம். ஆனால் 1858லேயே மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, வராதவர்களிடம் வேலை வாங்கப் பார்த்தது. எல்லோரும் தானாக வந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? ஆக வழக்கம் அப்போதே ஆட்டம் கண்டிருக்கிறது.

குளத்து வேலை குறைந்துபோனாலும் குளம் நோம்பியில் மிச்சம் இருக்கிறது. (எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம்.) பட்டிப் பொங்கல் அன்று மாட்டுப் பட்டியில் சின்னதாக ஒரு தெப்பக்குளம் கட்டுவார்கள். மண்ணும் சாணமும் குழைத்துக் கரை எடுத்து, உள்ளே தண்ணீர் விட்டு, பூப்போட்டு, கடைசியில் கன்றுக்குட்டியை அதை மிதித்துக்கொண்டு தாண்ட விடுவார்கள். சின்ன வயதில் எனக்கு இது வெறும் விளையாட்டு. இப்போது யோசித்தால், ஒவ்வொரு வீட்டிலும் வருஷம் ஒரு முறை ஒரு குளம் கட்டியிருக்கிறோம்.

இன்னொன்று பூப்பறிக்கிற நோம்பி. மார்கழி முழுக்க வாசலில் வைத்த சாணப் பிள்ளையார்களைச் சேர்த்து வைத்து, பொங்கல் முடிந்ததும் பொண்ணுகள் எல்லாம் கூட்டமாகக் கிளம்பி, ஆவாரம்பூ பறித்துக்கொண்டு, ஆற்றுக்கோ குளத்துக்கோ போய்ப் பிள்ளையாரைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டு, கும்மியடித்துத் திரும்புவது. அம்முச்சி இதைச் சொல்லும்போது முகமே மாறிவிடும். "அப்புறம் ஏன் அம்முச்சி நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். "தண்ணி கருப்பா வந்துச்சு கண்ணு. சாமிய அதுல எப்படி விடறது?" என்றது. மற்ற ஊர்களில் இந்த நோம்பி இன்னும் நடக்கிறது. அம்முச்சி ஊரில் நின்றதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கருப்புத் தண்ணி எப்படி வந்தது என்பது பாதி உங்களுக்கே தெரியும். பனியன் தொழில் இங்கே பழசு. ஆனால் 1970களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதி ஆரம்பித்த பிறகுதான் வேகம் எடுத்தது. வெள்ளை பனியன் போய் கலர் டிசர்ட் வந்தது. கலர் என்றால் சாயம், சாயம் என்றால் தண்ணீரும் உப்பும். சாயம் பருத்தியில் நன்றாக ஏறுவதற்கு உப்பு போட்டே ஆக வேண்டும். வெளியே வரும் தண்ணீரில் நிறத்தைக்கூட எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் செலவு. அதனால் எடுக்காமல் விட்டார்கள். ஓடைகள் வழியாக நொய்யலுக்குப் போனது. 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது, அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை!

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவே வெளியேறக் கூடாது என்றது, 2009ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

இங்கே நான் நடுநிலையாக எழுத முடியாது. அப்பா அப்போது ஒரு பட்டறையில் வின்ச் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றாம் வகுப்பு. அப்பா பகலில் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம், அம்மா ஏன் யாரோடும் பேசாமல் இருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அம்முச்சியின் நோம்பியை நிறுத்தியதும் அந்தத் தண்ணிதான், எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டியதும் அந்தத் தண்ணிதான். கோர்ட் செய்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது மதுரை, தேனி, திண்டுக்கல்லுக்கு மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப்போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ., ஆவியாக்கிகள் எல்லாம் வைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறைக்கு மாறி, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அப்பாவும் வேலைக்குப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் குளத்துக்குப் பறவைகள் வந்துகொண்டிருந்தன. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நாமக்கோழி. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் இங்கே வருகிறது. ராம்சர் அறிவிப்பில் சொன்ன கணக்கு: பறவை 191 வகை, பட்டாம்பூச்சி 87, ஊர்வன 21, தாவரம் 77. 2022ல் இது தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயம் ஆனது.

ஏன் இந்தக் குளம்? சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குளங்கள் காய்ந்து கிடக்கின்றனவே. உண்மையைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. மழை இல்லாத மாதத்திலும் இங்கே தண்ணீர் நிற்பதற்கு, நல்லாறு வழியாக வந்து சேரும் ஊர்க் கழிவுநீரும் ஒரு காரணம். திருப்பூர் வளர்ந்தது, வீடுகள் பெருகின, சாக்கடை பெருகியது. பறவைக்கு வேண்டியது ஆழமில்லாத தண்ணீரும் மீனும் புழுவும், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காது.

ராம்சர் அறிவிப்பு வந்து மூன்றே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரைக் குழாயில் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். 60 வருஷத்துக்கு மேல் கேட்டுப் போராடி வாங்கியது. நல்லாறு ஓடும் அதே அவிநாசிப் பக்கத்துக் குளங்களுக்கு நல்ல தண்ணீர் பவானியிலிருந்து பம்ப் வைத்து வர வேண்டியிருக்கிறது, கீழே ஒரு குளம் கழிவுநீரில் எப்போதும் நிறைந்து கிடக்கிறது. இரண்டு செய்தியையும் ஒரே வாரத்துப் பேப்பரில் படித்தேன்.

இனி என்ன ஆகும் என்பது சிக்கலான கேள்வி. கழிவுநீரை அப்படியே விட்டால் ஆகாயத்தாமரை பரவும், குளம் கெடும். முழுக்கத் தடுத்துவிட்டால் கோடையில் குளம் வற்றும், பறவை எங்கே போகும்? சுத்திகரித்து விடலாம், ஆனால் சுத்திகரித்த தண்ணீரைக் கேட்க தொழிற்சாலைகளும் வரிசையில் நிற்கும். சரணாலயம் ஆனதால் 1972 வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது, பழையபடி நினைத்தால் போய் மீன்பிடிக்க முடியாது. இது உலக அளவில் முக்கியமான குளம் ஆகிவிட்டது என்று அம்முச்சியிடம் சொன்னேன். "அப்ப இனி காட்டுக்குத் தண்ணி பாயுமா?" என்று கேட்டது. பறவைக்காக என்றேன். "பறவைக்கா..." என்று இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

போன பொங்கல் லீவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லாறு குளத்துக்குள் நுழையும் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார், மோந்து பார்த்தார். "சாயம் இல்லடா. இது வீட்டுத் தண்ணி" என்றார், ஏதோ கேஸில் ஜெயித்த மாதிரி. அன்றைக்குப் பட்டைத்தலை வாத்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாமக்கோழிகள்தான் நூற்றுக்கணக்கில், கருப்பாக, தண்ணீர் முழுக்க. அப்பா எண்ண ஆரம்பித்து எண்பதோடு விட்டுவிட்டார்.