பால்மரமும் இயந்திரமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



"மரம் வெட்டுறதுக்கு என்னா படிப்பு வேணும்? கத்தி பிடிக்கத் தெரிஞ்சா போதும்!" இப்படி நம்மவர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். முப்பது வருசம் பால் வெட்டிக் கைகாய்த்தவர்கள்கூடச் சொல்வார்கள். இந்தப் பேச்சு நேற்று வந்ததல்ல. 1922-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம், விவசாய வேலையைத் 'திறன் தேவைப்படாத வேலை' என்ற பிரிவிலேயே சேர்த்தது. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்களின் தலையில் இந்த முத்திரை அங்கேயே குத்தப்பட்டுவிட்டது. அது சரிதானா என்று பால்மரத்தின் வரலாற்றை வைத்தே பார்த்துவிடுவோம், வாருங்கள்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றிலிருந்து 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வளர்ந்தது, ஆனால் பாலை எப்படி எடுப்பது? பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் கொத்தித்தான் எடுத்தார்கள். நாளடைவில் மரம் புண்ணாகிப் போகும்.

1888-இல் சிங்கப்பூர் பூங்காவுக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி இதற்கு வழி கண்டார். கொத்த வேண்டாம், பட்டையை மெல்லியதாகச் சீவி எடு. அடுத்த முறை அதே காயத்தின் கீழ்விளிம்பில் இன்னொரு இழை சீவு. மேலே பட்டை தானாக வளர்ந்துகொள்ளும் என்றார். தோட்டக்காரர்களைக் கண்டால் ரப்பர் நடுங்கள் என்று விடாமல் சொல்லுவாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் கட்டினார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் துணிந்து நட்டார். அப்புறம் நடந்தது நாடறிந்த கதை. ரிட்லி நூறு வயதைத் தாண்டி, 1956-இல் காலமானார்.

ரிட்லி முறையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்நூறு மரத்தில், இருட்டில், மழைக்கு முந்திக்கொண்டு செய்து காட்டியது யார்?

அந்த வேலையைச் சற்று உற்றுப் பாருங்கள். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் அதிகம் நெருங்கியிருக்கின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, 'கேம்பியம்' என்று விஞ்ஞானப் பாடத்தில் வரும் மெல்லிய படலம். புதுப்பட்டையை வளர்ப்பது அதுதான். கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் வரை நெருங்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாய்ப் போனால் காயம், பிறகு அங்கே முண்டு முடிச்சு. ஒருமுறை சீவும் பட்டையும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். சுமார் முப்பது பாகைச் சரிவு. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வற்றும். அதனால்தான் விடியுமுன் பெரட்டு, தலையில் விளக்கு.

இப்போது ஒரு கணக்கு. மாணவர்களே, நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்நூறு மரம், நான்கு மணி நேரம். ஒரு மரத்துக்கு எத்தனை விநாடி? முப்பதுகூட வராது! அதற்குள் கோட்டுப்பாலை உரித்து, மங்கைச் சரிசெய்து, சீவி, அடுத்த மரத்துக்கு நடக்கவும் வேண்டும்.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. சுங்கை பூலோவில் அதற்குப் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுமர வகையைப் பெரியவர்கள் பெயர் சொன்னாலே தெரிந்துகொள்வார்கள். இயந்திரம் முதலில் நுழைந்தது ஆலைக்குள். பாலை உறையவைத்து, உருளையில் தகடாக்கி, புகைக்கூண்டில் நாள்கணக்கில் காயப்போட்ட காலம் மாறியது. 1965-இல் தரம் குறித்த மலேசிய ரப்பர் திட்டம் வந்தபின், ரப்பரைப் பொடித்துச் சில மணி நேரத்தில் உலர்த்தி, 33⅓ கிலோ கட்டிகளாக அழுத்தி அனுப்பினார்கள். கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தின.

ஆனால் கத்தியை என்ன செய்வது? ஆராய்ச்சியாளர்கள் சுற்றுவழியில் போனார்கள். எத்திபோன் என்ற மருந்தைப் பூசினால் பால்குழாய் சீக்கிரம் அடைபடாமல் நெடுநேரம் ஓடும் என்று கண்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிய மரத்தை மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்றாயிற்று. அதாவது ஆளும் குறைவாகப் போதும். சீவாமல் ஊசியால் குத்திப் பால் எடுக்கும் முறையை 1970-களில் சோதித்தார்கள். கைத்திறன் தேவைப்படாது என்பதே அதில் பெரிய கவர்ச்சி. எனினும் தோட்டங்களில் அது கத்தியை வெல்லவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நம் ஜனங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டுப் போனது கத்தியைவிட நன்றாக வெட்டும் இயந்திரம் வந்ததாலா? இல்லவே இல்லை. விலை விழுந்தது, செம்பனை இலாபம் என்று பட்டது, பட்டணத்தை ஒட்டிய நிலம் வீடமைப்புக்குப் போனது. மரத்தையே சாய்த்துவிட்டார்கள்! 1990-களின் தொடக்கத்தில் உலகில் முதலிடம் தாய்லாந்துக்குப் போனது. வேலை போனவர்களிடம், "ஒங்க வேலைய மெஷின் செய்யுது" என்று சொல்லக்கூட அன்று எந்த மெஷினும் இருக்கவில்லை.

அந்த இயந்திரத்தை இப்போதுதான் செய்து பார்க்கிறார்கள். சீனாவின் ஹைனான் தீவில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம், மின்கலத்தில் ஓடும் கைக்கத்தி ஒன்றை உருவாக்கியது. ஆழம் மீறாமல் தடுக்கும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. புதிய ஆள் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம். கத்தி மின்சாரக் கத்தி, பிடிப்பதும் நடப்பதும் மனிதன்தான். அடுத்து, மரத்தைச் சுற்றிக் கட்டிவிடும் தானியங்கி. தானே சுற்றிவந்து சீவும். நல்லதுதான், ஐந்நூறு மரத்துக்கு ஐந்நூறு வாங்க வேண்டுமே!

மூன்றாவது, பட்டைச் சக்கரத்தில் நிரைக்குள் நகர்ந்து வரும் ரோபோ. கேமராவும் லேசர் ஒளியும் கொண்டு மரத்தை அளந்து, இயந்திரக் கையால் வெட்டுகிறது. தொல்லை எங்கே வருகிறது தெரியுமா? எந்த மரமும் தூண் மாதிரி உருண்டையாக இல்லை. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றில் முண்டு. தரை மேடு பள்ளம். பட்டையின் கனம் மரத்துக்கு மரம் வேறு, அது வெளியே தெரியவும் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் தவறினால் மரம் காயப்படும்.

ரோபோ முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, போன தடவை சீவிய கோடு எங்கே இருக்கிறது என்பதை. இதற்குத்தான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டிய மரங்களை ஏராளமாகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் வெட்டுக்கோட்டை மனிதர்களே அடையாளமிட்டு, "இதுதான் கோடு, இதுதான் கோடு" என்று கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். குழந்தைக்கு அகரம் எழுதிக் காட்டுவது போலத்தான். அந்தப் படங்களில் இருக்கும் கோடுகள், யாரோ ஒரு தொழிலாளி விடியற்காலையில் தலைவிளக்கோடு நின்று கையால் சீவியவை.